அம்மாச்சியோட விளக்கமாறுக்கு மூணு கைப்பிடி

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் குறைத்திருக்கிறோம்.)

இந்த வாரம் ரூமுக்குள்ள உக்காந்து ரெக்கார்டு பண்ணல. பின்னாடி கேக்குறது கிளிச் சத்தம். நடுவுல தென்னை மட்டை விழுற சத்தம் வந்தா பயப்படாதீங்க. நான் இப்ப பிளவக்கல்ல இருக்கேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து வத்திராயிருப்பு வந்து, அங்க இருந்து மலையைப் பாத்து மேற்க வந்தா பெரியாறு, கோவிலாறுன்னு பக்கத்துப் பக்கத்துல ரெண்டு அணை. அதுக்குக் கீழ இருக்குற தென்னந்தோப்பு ஒண்ணுல எங்க அம்மாச்சி வீடு.

இன்னைக்கு விஷயம் கைப்பிடி. விளக்கமாறு, பாத்ரூம் பிரஷ், டூத் பிரஷ், கரண்டி, இதுக்கெல்லாம் மாட்டுற, நம்ம தேவைக்கு ஏத்த மாதிரி மாத்திக்கிற கைப்பிடி. 'இதுக்கு ஒரு எபிசோடா'ன்னு கேட்டா, ஆமா. ஏன்னா இந்த ஒரு விஷயத்துல நான் மூணு தடவை டிசைன் போட்டேன், ரெண்டு தடவை முழுசா தோத்தேன். அதுல கத்துக்கிட்டது நம்ம வேலைக்கும் பொருந்தும்.

பிரச்சினை என்ன

அம்மாச்சிக்கு வயசு எழுபத்தி ஒண்ணு. ரெண்டு கையிலயும் முடக்குவாதம். வயசானா வர்ற மூட்டுத் தேய்மானம் வேற, இது வேற. உடம்போட எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்குற நோய். காலையில எந்திரிச்சதும் விரல் மடங்காது. வெந்நீர்ல கையை வச்சு, ஒரு மணி நேரம் கழிச்சுதான் கொஞ்சம் இளகும். மருந்து டாக்டர் பாத்துக் கொடுத்தது, அது தனியா போயிட்டிருக்கு. அதப் பத்தி நான் பேசப் போறதில்ல.

அவங்க காலை வேலை என்னன்னா, வாசல் தெளிச்சு, பெருக்கி, கோலம் போடுறது. போன வருஷத்துல இருந்து அது நின்னு போச்சு. பக்கத்து வீட்டுப் பொண்ணு வந்து பெருக்குது, அம்மாச்சி திண்ணையில உக்காந்து பாக்குறாங்க. இதப் பாத்துட்டு மாமா, 'இனிமே தனியா இருக்க வேண்டாம், சென்னைக்கு வந்துரு'ன்னு சொல்லிட்டாரு. சென்னை வீடு மூணாவது மாடி. அம்மாச்சி எதிர்த்துப் பேசல. என்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொன்னாங்க: "என் வாசல நான் கூட்டிட்டா, யாரும் என்னைய கூட்டிட்டுப் போகணும்னு நினைக்க மாட்டாகல்ல?"

எனக்கு வேற என்ன தெரியும்? கம்ப்யூட்டரைத் திறந்து டிசைன் போட ஆரம்பிச்சேன்.

முதல் வெர்ஷன்: எல்லாத்துக்கும் ஒண்ணு

நம்ம ஆளுங்க எல்லாருக்கும் இருக்குற வியாதி எனக்கும் இருந்துச்சு. ஒரே கைப்பிடி, எல்லாக் கருவிக்கும் பொருந்தணும். ஒரு பக்கம் கவ்வுற கிளாம்ப், நடுவுல எந்தக் கோணத்துக்கும் திரும்புற மூட்டு, மேல பிடி. விங் நட்டைத் தளர்த்தி, கோணத்தை வச்சு, திரும்ப இறுக்கிக்கலாம். காலையில விளக்கமாறு, குளிக்கும்போது முதுகு தேய்க்குற பிரஷ், மதியம் கரண்டி. சென்னையில 3டி பிரிண்டர்ல அடிச்சு, பையில போட்டு, பெருமையா ஊருக்கு வந்தேன்.

முதல் நாளே மூட்டு வழுக்கிருச்சு. ஏன்னு அப்புறம்தான் கணக்கு போட்டேன். பிடியில இருந்து விளக்கமாறு நுனி வரைக்கும் ஒரு மீட்டர்னு வைங்க. நுனியில ஒரு கிலோ அளவு விசை, அதாவது கிட்டத்தட்ட பத்து நியூட்டன் தள்ளினா, மூட்டுல பத்து நியூட்டன் மீட்டர் திருப்பு விசை விழும். கையால விங் நட்டை நல்லா முறுக்கினாலும், அந்த அளவு பிளாஸ்டிக் வட்டத்துல உராய்வு தாங்குறது அஞ்சு, ஆறு நியூட்டன் மீட்டர்தான். பாதிதான் தாங்கும்னு பேப்பர்லயே தெரிஞ்சிருக்கும். நான் பேப்பரை எடுக்கவே இல்ல.

ரெண்டாவது நாள் அதை மாட்டுக் கொட்டகைத் தகரத்து மேல வச்சுட்டு மறந்துட்டேன். சித்திரை வெயில். நான் அடிச்சது பி.எல்.ஏ. பிளாஸ்டிக், அது அறுபது டிகிரி கிட்டயே இளக ஆரம்பிச்சிரும். சாயங்காலம் போய்ப் பாத்தா வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு கிடக்கு.

ரெண்டாவது வெர்ஷன்: பல் வச்ச மூட்டு

வழுக்குதா, சரி, உராய்வை நம்ப வேண்டாம், பல் வச்சிரலாம்னு முடிவு பண்ணேன். ரெண்டு வட்டத் தட்டு, ஒவ்வொண்ணுலயும் 24 பல். ஒண்ணுக்குள்ள ஒண்ணு உக்காந்தா 15 டிகிரிக்கு ஒரு நிலை. வெயில் தாங்குற வேற பிளாஸ்டிக். இந்தத் தடவை வழுக்கவே இல்ல. எனக்கு ஒரே சந்தோஷம்.

அம்மாச்சி அதைக் கையில வாங்கி, திருப்பித் திருப்பிப் பாத்துட்டுக் கேட்டாங்க: "யய்யா, நல்லாத்தான் இருக்கு. ஆனா இதத் தளத்தி இறுக்குறதுக்கு ஒரு ஆளு வேணும்ல? அந்த ஆளு வந்தா அவளே கூட்டிருவாளே."

அஞ்சு நிமிஷம் நான் ஒண்ணும் பேசல. பலம் இல்லாத கைக்காக ஒரு கருவி செஞ்சு, அதைப் பயன்படுத்த முதல்ல பலமான கை வேணும்னு நிபந்தனை வச்சிருக்கேன். அதுவும் விங் நட்டு. கட்டை விரலாலயும் ஆள்காட்டி விரலாலயும் கிள்ளிப் பிடிச்சு முறுக்குறது. முடக்குவாதம் இருக்குறவங்களுக்கு முதல்ல விடச் சொல்ற அசைவே அதுதான். விரல்கள் சுண்டு விரல் பக்கமா சாயுற நோய் அது, கிள்ளி முறுக்கினா இன்னும் சாயும்.

வேலூர்ல எப்பவோ கேட்ட கேள்வி

மனசு சரியில்லாம, இதை வேற யாராவது யோசிச்சிருக்காங்களான்னு படிச்சேன். நம்ம தமிழ்நாட்டுலயே பெரிய கதை இருக்கு.

டாக்டர் பால் பிராண்ட். 1914ல கொல்லிமலையில பொறந்தவரு, மிஷனரிக் குடும்பம். லண்டன்ல அறுவை சிகிச்சை படிச்சுட்டு 1946ல வேலூர் சி.எம்.சி.க்கு வர்றாரு. அடுத்த வருஷம் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குப் போறாரு. அங்க ஒரு நோயாளியோட கை, விரலெல்லாம் மடங்கி கொக்கி மாதிரி இருக்கு. 'என் கையை அழுத்துங்க'ன்னு சொல்றாரு. பலவீனமா இருக்கும்னு எதிர்பார்த்தா, வலி தாங்க முடியாத அளவுக்கு இறுக்கமான பிடி. அந்த மனுஷனுக்குத் தான் எவ்ளோ அழுத்துறோம்னு தெரியவே இல்ல.

அங்க இருந்துதான் அவரு ரெண்டு விஷயத்தைப் பிடிச்சாரு. ஒண்ணு, அந்தக் கையில நல்ல தசை மிச்சம் இருக்கு, அதை வேற இடத்துக்கு மாத்திக் கட்டி விரலை வேலை செய்ய வைக்கலாம். ரெண்டாவது, விரல் குறைஞ்சு போறது நோயால தானா அழுகி இல்ல, பெரும்பாலும் வலி தெரியாததால. சூடான பாத்திரம், சிலும்பு இருக்குற சுத்தியல் பிடி, திரும்பாத சாவியைத் திருகுறது. நமக்கு வலிச்சா விட்டுருவோம். அவங்களுக்கு அந்தச் செய்தியே வராது.

நம்ம பாஷையில சொன்னா, மோட்டார் ஓடுது, சென்சார் போயிருச்சு. ஃபீட்பேக் இல்லாத சிஸ்டம் எப்பவும் தேவைக்கு மேலயே விசை போடும்.

அப்புறம் வேலூர்ல நவ ஜீவ நிலையம் ஆரம்பிச்சாங்க. அறுவை சிகிச்சை முடிஞ்சவங்க அங்க தங்கி, தச்சு வேலை மாதிரி தொழில் கத்துக்கிட்டாங்க. அங்க கையில ஒரு கொப்புளம் வந்தாக்கூட, அது எந்தக் கருவியால, எந்த இடத்துல வந்துச்சுன்னு தேடினாங்க. பதில் பெரும்பாலும் கைப்பிடியில இருந்துச்சு. மெல்லிசான பிடின்னா மொத்த விசையும் ஒரு சின்ன இடத்துல அழுத்தும். தடிமனா, வழவழன்னு இருந்தா அதே விசை உள்ளங்கை முழுக்கப் பரவும். பள்ளிக்கூட இயற்பியல்தான், விசை பகுதல் பரப்பு.

அதே சி.எம்.சி.யில டாக்டர் மேரி வர்கீஸ். 1954ல விபத்துல முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழ செயலிழந்துருச்சு. சக்கர நாற்காலியில உக்காந்தே தொழுநோயாளிகளோட கைகளுக்கு அறுவை சிகிச்சை பண்ணினாங்க. அப்புறம் நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படிச்சுட்டு வந்து, வேலூர்ல அந்தத் துறையையே நடத்துனாங்க. 1972ல பத்மஸ்ரீ.

இவங்க வேலை எனக்குச் சொன்னது ஒண்ணுதான். அவங்க கைப்பிடியில இருந்து ஆரம்பிக்கல. கையில இருந்து ஆரம்பிச்சாங்க.

கடைக்கு வந்த கைப்பிடி

இதே கேள்வி அமெரிக்காவுல ஒரு சமையலறையில வந்துச்சு. சாம் ஃபார்பர்னு, சமையல் பாத்திர வியாபாரத்துல இருந்து ஓய்வு பெற்றவரு. அவரு மனைவி பெட்சிக்குக் கையில மூட்டுவாதம், ஆப்பிள் தோல் சீவ முடியல. பழைய இரும்பு சீவி மெல்லிசா, கையை அறுக்குற மாதிரி. ஸ்மார்ட் டிசைன்ங்கிற நிறுவனத்தோட சேர்ந்து, ரப்பர் மாதிரி மெத்துன்னு, தடிமனா, விரல் வைக்குற இடத்துல மடிப்பு மடிப்பா ஒரு பிடி செஞ்சாரு. 1990ல ஆக்ஸோ குட் கிரிப்ஸ்னு கடைக்கு வந்துச்சு. நோயாளிக்கான பொருள்னு அதை விக்கல, எல்லாருக்கும்னு வித்தாங்க. நல்ல கை இருக்குறவங்களும் அதைத்தான் வாங்கினாங்க.

கவனிங்க, அந்தப் பிடியில மாத்திக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல. திருகு இல்ல, மூட்டு இல்ல. ஒரு வேலைக்கு ஒரு பிடி. நான் எதைப் பெருமைன்னு நினைச்சேனோ, அதை அவங்க தூக்கிப் போட்டுட்டாங்க.

மூணாவது வெர்ஷன்: முதல்ல ரெண்டு நாள் சும்மா பாத்தேன்

இந்தத் தடவை லேப்டாப்பைத் திறக்கல. ரெண்டு நாள் அம்மாச்சி பின்னாடியே சுத்தினேன். மூணு விஷயம் தெரிஞ்சது.

முதல் விஷயம், ஈர்க்குமாறுல பிரச்சினை பிடியோட தடிமன் இல்ல. கட்டு ஏற்கெனவே தடிமனாத்தான் இருக்கு. பிரச்சினை நீளம். குட்டையா இருக்குறதால குனியணும், குனிஞ்சா மணிக்கட்டு மடங்கும், மணிக்கட்டு மடங்கினா பிடிமானம் குறையும். நீங்களே இப்ப மணிக்கட்டை உள்பக்கமா நல்லா மடக்கிட்டு ஒரு பேனாவை இறுக்கிப் பிடிச்சுப் பாருங்க, முடியாது. 'மணிக்கட்டை வளைக்காத, கைப்பிடியை வளை'ன்னு இந்தத் துறையில பழைய பேச்சு உண்டு. ராஜபாளையம் தெருவுல தூய்மைப் பணியாளர்கள் ஈர்க்குமாறை நீளக் கம்புல கட்டித்தான் நின்னுக்கிட்டே கூட்டுறாங்க. தினமும் பாத்திருக்கேன், தோணவே இல்ல.

ரெண்டாவது விஷயம், கை தினமும் ஒரே மாதிரி இல்ல. காலை ஆறு மணிக் கை வேற, பதினோரு மணிக் கை வேற. நான் வந்து டெஸ்ட் பண்ணினது எல்லாம் பதினோரு மணிக் கையில. வாசல் பெருக்குறது ஆறு மணிக்கு.

மூணாவது விஷயம், ஈர்க்குமாறு தேயும். வாங்கும்போது இருந்த நீளம் ரெண்டு மாசம் கழிச்சு இருக்காது. அப்ப மாத்திக்கிற வசதி நிஜமாவே தேவைப்படுற இடம் ஒண்ணு இருக்கு. ஆனா தினமும் இல்ல, மாசத்துக்கு ஒரு தடவை. அதை வேற யாராவது வந்து செஞ்சா போதும்.

நம்ம வேலையில சில செட்டிங்கை ஆப்பு ஓடும்போது யூசர் மாத்துவாரு, சிலதை டெப்லாய் பண்ணும்போது நாம ஒரு தடவை வச்சிருவோம். நான் எல்லாத்தையும் யூசர் தலையில கட்டியிருந்தேன்.

சரி, செஞ்சது இதுதான். 25 மில்லிமீட்டர் அலுமினியக் குழாய், அவங்க நெஞ்சு உயரம் வர்ற மாதிரி. அடியில ஈர்க்குமாறுக் கட்டுக்குள்ள செருகி, ஹோஸ் கிளிப்பு போட்டு இறுக்கியாச்சு. நடுவுல ரெண்டாவது கைக்கு ஒரு பக்கவாட்டுப் பிடி. அதுக்குப் பிளம்பிங் கடையில கிடைக்குற பி.வி.சி. டீ. டீக்குள்ள நடுவுல ஒரு விளிம்பு இருக்கும், குழாய் அதைத் தாண்டிப் போகாது. அதை அரத்தால ராவி எடுத்துட்டா டீ குழாய் மேல மேலயும் கீழயும் நகரும். குழாய்ல அஞ்சு சென்டிமீட்டருக்கு ஒரு ஓட்டை. டீயையும் குழாயையும் சேர்த்து ஒரு போல்ட்டு. ஊன்றுகோல்ல உயரம் மாத்த ஓட்டை ஓட்டையா இருக்கும்ல, அதே ஐடியா. உராய்வை நம்பல, பல்லை நம்பல, இரும்பு போல்ட்டே குறுக்க நிக்குது. பக்கத்து வீட்டுப் பொண்ணு ஒரு ஸ்பேனரை வச்சு ரெண்டு நிமிஷத்துல மாத்திருவா.

பிடியோட தடிமனை எப்படிக் கண்டுபிடிக்கிறது

நீங்க வீட்டுல செய்ய நினைச்சா இந்த இடம் முக்கியம்.

இறுக்கிப் பிடிக்குற கருவிக்கு 32ல இருந்து 50 மில்லிமீட்டர் வரை விட்டம் இருக்கலாம்னு பொதுவா சொல்லுவாங்க. பிடியோட நீளம் உள்ளங்கை அகலத்தை விட அதிகமா இருக்கணும், குறைஞ்சது பத்து சென்டிமீட்டர். இல்லேன்னா பிடியோட முனை உள்ளங்கை நடுவுல குத்தும். ஆனா இது பொதுவான அளவு. உங்க ஆளுக்கு எதுன்னு பாக்க, ஒரு கம்புல பழைய செய்தித்தாளைச் சுத்துங்க. கை ரொம்ப மோசமா இருக்குற நேரத்துல அவங்க கையில கொடுங்க. விரலை மடக்கக் கஷ்டப்பட்டா இன்னும் ரெண்டு சுத்து. விரல் சுத்தி வராம நழுவினா ரெண்டு சுத்து குறைங்க. 'இது சரி'ன்னு சொல்ற இடத்துல ஒரு நூலால சுத்தளவை அளந்து, 3.14ஆல வகுங்க. அம்மாச்சிக்குச் சுத்தளவு 12 சென்டிமீட்டர், அதாவது விட்டம் 38 மில்லிமீட்டர்.

25ல இருந்து 38க்குக் கொண்டு வர, சைக்கிள் டியூபை நீளமா வெட்டிச் சுத்தினேன். அதுக்கு மேல கட்டுத்துணி. ராஜபாளையம் பக்கத்துல சத்திரப்பட்டின்னு ஒரு ஊரு, ஆஸ்பத்திரிக்குப் போற பேண்டேஜ் துணி நெய்யுற ஊரு. அந்தத் துணி வியர்வையை உறிஞ்சும், வழுக்காது, அழுக்கானா கழட்டித் துவைச்சுக்கலாம்.

மத்த கருவிகளுக்கு என்ன பண்ணினேன்னு சுருக்கமா சொல்லிடறேன். டூத் பிரஷுக்கும் பாத்ரூம் பிரஷுக்கும் துணி வேண்டாம், ஈரத்துல பூஞ்சை பிடிக்கும், சைக்கிள் ஹேண்டில்பார்ல போடுற ரப்பர் கிரிப்பு போதும். தோசைக் கரண்டிக்கு ரப்பரும் வேண்டாம், 3டி பிரிண்டும் வேண்டாம், அடுப்புச் சூடு இருக்கு. தச்சர்கிட்ட தடிமனா ஒரு மரப்பிடி கடைஞ்சு வாங்குங்க. விரலே மடங்காதவங்களுக்கு, உள்ளங்கையைச் சுத்திப் போடுற பட்டை இருக்கு, அதுல ஒரு சின்ன உறை, அதுக்குள்ள ஸ்பூனையோ பிரஷையோ செருகிக்கலாம். பிடிக்கவே வேண்டாம். யுனிவர்சல் கஃப்னு கேளுங்க. அருவாமனைக்கும் கத்திக்கும் நீங்களா எதையும் மாட்டாதீங்க, பிடி லேசா ஆடினாக்கூட கை போயிரும். முடிஞ்சா ஒரு தடவை ஆக்குபேஷனல் தெரபிஸ்டைப் பாருங்க, கையை அளந்து எது சரின்னு சொல்றதே அவங்க தொழில்.

மொத்தச் செலவு, தச்சர் கூலி தவிர, எனக்கு எழுநூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சது. முதல் ரெண்டு வெர்ஷனுக்கு ஆன செலவை அம்மாச்சிகிட்ட சொல்லல.

இப்ப என்ன நிலைமை

நேத்துக் காலையில நான் எந்திரிக்கும்போது சத்தம் கேட்டுச்சு. மண்ணுல ஈர்க்கு உரசுற சத்தம். வெளிய போனா அம்மாச்சி நின்னுக்கிட்டுப் பெருக்குறாங்க. பக்கவாட்டுப் பிடியை நான் வச்ச இடத்துல காணோம். ரெண்டு ஓட்டை கீழ இறக்கி, இடது பக்கம் திருப்பி வச்சிருக்காங்க. நான் வலது கைக்காரங்களுக்குன்னு யோசிச்சு வச்சது. அவங்களுக்கு இடது கைதான் இப்ப நல்லா இருக்குற கை. சாயங்காலமே அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு மாத்திக்கிட்டாங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல.

பாதி வாசல்தான் பெருக்கினாங்க. மீதியை அந்தப் பொண்ணு முடிச்சா. கோலம் இன்னும் முடியல, பொடியைக் கிள்ளி விடுறது கிள்ளுற அசைவுதான். தண்ணிக் குடம் தூக்கவும் முடியல, அதுக்கு எந்தக் கைப்பிடியும் உதவாது, குழாயை வீட்டுக்குள்ள கொண்டு வரணும். அதனால எல்லாம் சரியாயிருச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். நோய் அப்படியேதான் இருக்கு. மாமாவுக்கு வீடியோ அனுப்பினேன். 'தை பொறக்கட்டும், அப்புறம் பேசிக்கலாம்'னு பதில் போட்டிருக்காரு. இப்போதைக்கு அது போதும்.

உங்க வீட்டுலயும் யாராவது ஒரு வேலையைச் சத்தமில்லாம விட்டிருப்பாங்க. காபி டம்ளரை ரெண்டு கையால பிடிக்க ஆரம்பிச்சிருப்பாங்க, பாட்டில் மூடியை உங்ககிட்ட நீட்டியிருப்பாங்க. கேட்டா 'ஒண்ணுமில்ல'ன்னுதான் சொல்லுவாங்க. கேக்குறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் பாருங்க, அதுவும் காலையில ஆறு மணிக்குப் பாருங்க. அப்புறம் நூலை எடுத்து அளங்க.

நீங்க செஞ்சதைப் படம் எடுத்து அனுப்புங்க, தோத்ததையும் சேர்த்து. அடுத்த எபிசோடுல கோலப்பொடியைக் கிள்ளாம விடுறதுக்கு வழி இருக்கான்னு பாக்கலாம். ஓட்டை போட்ட டப்பா ஒண்ணு செஞ்சு கொடுத்தேன். அம்மாச்சி அதை ஒரு தடவை பாத்துட்டு, 'இது கோலம் இல்லய்யா'ன்னு சொல்லிட்டாங்க. அதனால வேலை இன்னும் இருக்கு.

அடுத்த வாரம் பாக்கலாம்.